ஆறாவது கட்டுரை

மார்ச் 3, செவ்வாய்

நாத்தனார் நடத்தும் ஆய்விதழுக்கு நான் நிர்வாக ஆசிரியராம். அட்டையின் உட்பக்கத்தில் போட்டிருக்கிறது. சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து பேராசிரியர்களின் வாக்கியங்களுக்கு முற்றுப்புள்ளி தேடுவதுதான் வேலை. பக்கம் அமைக்க நானே தட்டுத் தடுமாறிப் படித்துக்கொண்டேன். வீட்டுக் கணக்கும் இதழ்க் கணக்கும் ஒரே மேஜையில்: பால் ஒரு பக்கம், தபால் செலவு ஒரு பக்கம்.

எல்லோரையும் உள்ளடக்கும் மனநல ஆலோசனை, சமூக நீதி – இதுதான் இதழின் பொருள். அதில் எழுதும் யாருக்கும் நேரம் மட்டும் கிடையாது. மதிப்பீட்டாளர் ஒருவர் இரண்டு மாதமாக, "நாளைக்கு அனுப்பிடறேம்மா" என்கிறார். கடவுளே, பொறுமை கொடு. போன வாரம் கொடுத்தது தீர்ந்துவிட்டது.

மார்ச் 5, வியாழன்

ஒருவழியாக ஆறு கட்டுரையும் சேர்ந்தன. மாத முடிவுக்குள் ஆறு கட்டுரையோடு இதழ் வராவிட்டால் பல்கலைக்கழகம் தன் அங்கீகாரப் பட்டியலிலிருந்து எடுத்துவிடும். பட்டியலில் இல்லாத இதழுக்கு யாரும் கட்டுரை அனுப்ப மாட்டார்கள்.

ஆறாவது, ஆலோசகர் ஒருவருடையது. புதிதாக முனைவர் பட்டம் வாங்கியவர்; ஃபோனில் ஹலோவுக்குப் பதில் "முனைவர் பேசறேன்" என்பார். பிரசவத்துக்குப் பின் மனம் உடைந்து தம்மிடம் வந்த ஒரு தையல் தொழிலாளியைப் பற்றி எழுதியிருக்கிறார். மதிப்பீட்டாளர் முதலில் 'சூழல் விவரம் போதாது' என்று திருப்பியிருந்தார். மனிதர் அள்ளிக் கொட்டிவிட்டார் – இரட்டைப் பிள்ளைகள், மணிக்கட்டில் தீக்காயம், பேருந்து ஓட்டும் கணவன், மாமியாரின் மருந்துக் கடை.

மாற்றியது பெயரை மட்டும். அச்சகத்துக்கு அனுப்பியாயிற்று.

மார்ச் 10, செவ்வாய்

அந்தப் பெண்ணே கூப்பிட்டாள். முனைவர் பெருமையாகக் கட்டுரையை அவளுக்கு அனுப்பியிருக்கிறார், 'உங்கள் கதை அச்சில் வருகிறது' என்று.

"பிள்ளைங்கள ஏதாவது பண்ணிடுவேனோன்னு பயந்தேன்னு அவர்கிட்ட மட்டுந்தான் சொன்னேன். அதையும் போட்டிருக்காரு அக்கா. இப்ப பிள்ளைங்க யார்கிட்டன்னு கேஸ் நடக்குது. என் வீட்டுக்காரர் தங்கச்சி படிக்கிற காலேஜுக்கு உங்க புத்தகம் வருதாம்."

அழவில்லை. அழுதிருந்தால் ஆறுதலாவது சொல்லியிருப்பேன்.

மார்ச் 11, புதன்

நாத்தனாரிடம் – அண்ணி என்றுதான் கூப்பிடுவேன் – சொன்னேன். "பேரை மாத்தியாச்சேம்மா. ஆய்வுக்குப் பயன்படுத்தலாம்னு கையெழுத்தும் போட்டிருக்கா. அஞ்சு கட்டுரையோட வந்தா தூக்கிடுவாங்க. பத்து வருஷ உழைப்பு, தெரியுமில்ல?"

தெரியும். பத்து வருஷமும் மூட்டை கட்டித் தபாலில் சேர்த்தவளுக்குத் தெரியாதா?

முனைவருக்கு ஃபோன் போட்டேன். "அவங்க குரல் உலகத்துக்குக் கேக்கணும் மேடம்!" என்றார். அவ குரல் எனக்குக் கேட்டுதுய்யா – போடாதேன்னுதான் கேட்டுது! இதைச் சொல்லவில்லை. "சரிங்க சார்" என்று வைத்துவிட்டேன். இந்த 'சரிங்க சார்' என் நாக்கில் எப்படி வேர்விட்டதோ.

ஆசிரியர் குழுவில் ஒருவர் பயணத்தில் இருக்கிறார். இன்னொருவர், "துணைக்குழு ஒண்ணு போடலாமே" என்றார். வீடு பற்றி எரியும்போது வாளியின் நிறத்துக்கு ஒரு குழு!

மார்ச் 12, வியாழன்

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். இவர்கள் பூசணிக்காய்க்கு வேறு பெயர் வைத்துவிட்டு மறைத்தாயிற்று என்கிறார்கள்.

"எங்க அக்காகிட்ட மோதாதே. சுவத்துல முட்டின மாதிரிதான்," என்றார் இவர். முட்டினால் கொஞ்சம் சுண்ணாம்பாவது உதிராதா?

பிரார்த்தனையில் மனம் நிற்கவில்லை. சமாதானம் கொடு என்று கேட்க உட்கார்ந்தால் சண்டை போடத்தான் வாய் வருகிறது. சரி, அதற்காவது தெம்பு கொடு.

மார்ச் 13, வெள்ளி

அச்சகக்காரர் காலையிலேயே, "திங்கக்கிழமை மெஷின்ல ஏத்திடலாமாக்கா?" என்றார். பொறுங்கள் என்றேன்.

அண்ணி அட்டைக்கு நிறம் பார்த்துக்கொண்டிருந்தபோது அந்தப் பெண் மறுபடி கூப்பிட்டாள். யோசிக்கவே இல்லை. "இதழாசிரியர் இங்கதாம்மா இருக்காங்க, நீயே சொல்லு" என்று ஃபோனை அண்ணி கையில் திணித்துவிட்டேன். அண்ணி என்னை முறைத்த முறைப்பில் பால் திரிந்திருக்கும்.

முதலில் அந்த மேடைக் குரல்: "பாருங்கம்மா, எங்க நெறிமுறைப்படி –" அவள் என்ன சொன்னாளோ, அண்ணி பாதியில் நிறுத்தினார். பிறகு "ம்" மட்டும். நெடுநேரம் "ம்". கண்ணாடியைக் கழற்றி வைத்தார். இந்த இதழ் வருவதற்கு முன்பு அண்ணியும் ஆலோசகர்தான்; ஆலோசனை அறையில் இப்படித்தான் உட்கார்ந்திருப்பாராம், நான் பார்த்ததில்லை.

கடைசியில், "எந்தெந்த வரியை எடுக்கணும், சொல்லும்மா" என்று கேட்டார். அவள் பதில் எனக்கே கேட்டது.

"எல்லாமே நான்தாம்மா."

அண்ணி ஃபோனை வைத்துவிட்டு அட்டை நிறங்களை ஓரமாக ஒதுக்கினார். "அச்சகத்துக்குச் சொல்லிடு. அஞ்சு போதும்."

"பட்டியல், அண்ணி?"

"தெரியாமலா சொல்றேன்? போடு ஃபோனை!"

மார்ச் 17, செவ்வாய்

முனைவரின் கண்டனக் கடிதம், நாலு பக்கம். 'அறிவுச் சுதந்திரம்' ஒன்பது இடத்தில் வருகிறது. அந்தப் பெண் ஒரு இடத்தில்கூட வரவில்லை.

மார்ச் 30, திங்கள்

இதழ் வந்தது. ஒல்லியாக, காய்ச்சலில் கிடந்து எழுந்த பிள்ளை மாதிரி. மூட்டை கட்டினேன். இடுப்பு வலி.

மே 19, செவ்வாய்

பல்கலைக்கழகப் பட்டியல் வந்தது. நம் இதழ் இல்லை. இருமுறை தேடினேன், ஏதோ என் கண்ணில்தான் கோளாறு என்பதுபோல. அடுத்த இதழுக்கு வந்திருப்பது ஒரே கட்டுரை. அதிலும் முற்றுப்புள்ளி இல்லை.

அண்ணியிடம் சொல்லலாமென்று போனேன். உள்ளறையில் அந்தப் பெண் உட்கார்ந்திருந்தாள். பிள்ளைகள் கேஸில் தீர்ப்பு இன்னும் வரவில்லை. செவ்வாய்தோறும் வருகிறாள், சில நாள் பிள்ளைகளோடு. இன்று தனியாக.

அண்ணி வெறுங்கையோடு அவள் எதிரில் இருந்தார். எழுதிக்கொள்ள ஏதாவது வேண்டுமா என்று வாசலில் நின்றே சைகையில் கேட்டேன்.

வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு, கதவைச் சாத்தச் சொன்னார்.