பத்து மணிக்கு வந்தவ

அருளம்பலம் கொமியூனிக்கேஷன்,
பஸ் நிலையத்துக்குக் கிட்ட,
திருகோணமலை.
13.07.2003

அன்புள்ள தம்பி கோணலிங்கத்துக்கு,

சிவகுருநாதன் எழுதுவது. என்னை உமக்குத் தெரியாது. எனக்கும் உம்மை ரெலிபோனில் கேட்ட ஒரு குரலாகத்தான் தெரியும். முதலில் நீங்கள் என்று போட்டுத்தான் எழுதத் தொடங்கினேன். உம்முடைய தகப்பன் இருந்திருந்தால் அவருக்கும் நான் மூத்தவன் என்று யோசித்து, அந்தக் கடுதாசியைக் கிழித்துப்போட்டு, நீர் என்றே எழுதுகிறேன். கோபிக்க வேண்டாம். இந்த விசயத்தில் கோபிக்கிற உரிமை எனக்குத்தான் கூட.

சுகம் விசாரிப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன். அவசரமானதை முதலில் சொல்லிவிட வேண்டும். போன ஞாயிற்றுக்கிழமை உம்முடைய அம்மா வந்தவ. சம்பூரிலிருந்து விடியவே வெளிக்கிட்டு, நீர் எழுதியபடி இந்தக் கடைக்கு, நீர் எழுதியபடி பத்து மணிக்கு வந்தவ. நீர் மூன்று தரம் ரெலிபோன் எடுத்தீர். மூன்று தரமும் "புஷ்பவதி எண்டு ஒருத்தரும் வரேல்லை" என்று சொன்ன ஆள் நான்தான். நான் சொன்னதும் பொய்யில்லை, அவ வந்ததும் பொய்யில்லை. அது எப்படி என்று கேட்பீர். பொறுமையாய் வாசியும்.

நான் துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டி ஓய்வு பெற்றவன். வீட்டில் சும்மா இருக்க ஏலாது. அதனால் தங்கையின் மகன் அருளம்பலத்தின் கடையில் ரெலிபோன்களைப் பார்த்துக்கொள்கிறேன். சண்டை நின்ற பிறகு கடையில் நல்ல யாவாரம். மூதூர்ப் பக்கத்திலிருந்தும் குச்சவெளி, திரியாய்ப் பக்கத்திலிருந்தும் சனம் வந்து வாங்கில் குந்தியிருந்து, வெளிநாட்டுப் பிள்ளைகளின் குரலைக் கேட்டு அழுதுவிட்டுப் போகும். இப்போது பெடியள் கைத்தொலைபேசி என்று ஒன்றைக் காதில் வைத்துக்கொண்டு றோட்டில் நடக்கிறார்கள். முன்னால் வருகிற சைக்கிளும் தெரியாது, பின்னால் வருகிற ஆட்டோவும் தெரியாது. அதிலே ஒரு நன்மை உண்டு என்று அருளம்பலம் சொல்கிறான். இருக்கலாம். ஆனால் வாங்கில் பக்கத்தில் இருக்கிற மனுசி முதுகைத் தடவி விடுகிற வசதி அதிலே இல்லை.

நாட்டு நிலைமை கேட்பீர். வெள்ளை வாகனத்தில் கண்காணிப்புக் குழுக்காரர் போகிறார்கள், வருகிறார்கள், எழுதிக்கொள்கிறார்கள். பேச வேண்டிய இரண்டு பகுதியும் இருக்கிறது ஒரே தீவில். அவர்கள் விமானம் ஏறி வேறு நாட்டுக்குப் போய்த்தான் ஆளையாள் பார்த்தார்கள். இப்போது அந்தப் பேச்சும் நின்றுபோய்க் கிடக்கிறது. என்னிடம் விட்டால் இரண்டு பகுதியையும் மூதூருக்கு ஓடுகிற லோஞ்சுப் படகில் ஏற்றி, நடுக்கடலில் இயந்திரத்தை நிற்பாட்டிவிட்டு, கதைத்து முடித்தால்தான் கரை என்று சொல்லிப்போடுவேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு முதல் எல்லாம் முடியும். "மாமா, வாயை வைச்சுக்கொண்டு இருங்கோ" என்கிறான் அருளம்பலம். இருபது வருசம் நாங்கள் எல்லாரும் வாயை வைத்துக்கொண்டுதானே இருந்தோம், அதனால் என்ன கண்டோம் என்று நான் கேட்டேன். 

சரி, விசயத்துக்கு வருகிறேன். நீர் கனடாவுக்குப் போனது தொண்ணூற்றைந்தில் என்று அம்மா சொன்னா. அப்படியென்றால் பிறகு இங்கே நடந்த கூத்து உமக்குத் தெரிந்திருக்காது. அடுத்த வருசம் மழையில்லை, கரண்ட் இல்லை என்று அரசாங்கம் நாட்டு மணிக்கூட்டை முன்னுக்குத் தள்ளிவிட்டது. முதலில் ஒரு மணித்தியாலம் தள்ளி, பிறகு அரை மணித்தியாலத்தைத் திருப்பி எடுத்தது. இயக்கம் தன்னுடைய பகுதியில் மணிக்கூட்டை மாற்ற மாட்டோம் என்று சொல்லிற்று. அன்றிலிருந்து இந்தச் சின்ன மாவட்டத்துக்குள் இரண்டு நேரம் ஓடுகிறது. இங்கே பட்டினத்தில் பத்து என்றால், கட்டைபறிச்சான் சோதனைச் சாவடிக்கு அங்கால், உம்முடைய சம்பூரில் ஒன்பதரை. கலியாண அழைப்பிதழில்கூடப் பழைய நேரம் இத்தனை, புதிய நேரம் இத்தனை என்று இரண்டையும் அச்சடிக்கிறார்கள்.

என்னைக் கேட்டால் இரண்டு பகுதிக்கும் வேறு வேலையில்லை. நேரத்தை மாற்றினால் மழை வருமா? மாற்றாமல் விட்டால் நாடு கிடைக்குமா? நான் எத்தனையோ கப்பலைக் கரைக்கு இழுத்து விட்டவன். கப்பலிலே இலண்டன் நேரம் காட்டுகிற மணிக்கூடு ஒன்று இருக்கும், நிற்கிற ஊரின் நேரம் காட்டுகிறது இன்னொன்று இருக்கும். இரண்டும் ஒரே சுவரில் பேசாமல் ஓடிக்கொண்டிருக்கும். அதற்காகக் கப்டன்மார் சண்டை பிடித்ததை நான் காணவில்லை.

இனி உமக்கு விளங்கியிருக்கும். நீர் எடுத்தது எங்கள் கடை மணிக்கூட்டில் பத்துக்கு. உம்முடைய அம்மா வந்தது தன்னுடைய மணிக்கூட்டில் பத்துக்கு. அதற்குள் நீர் மூன்றாம் தரமும் எடுத்து, "சரி, வரமாட்டா. விளங்குது" என்று சொல்லி வைத்துவிட்டீர். நான் என்னவோ சொல்ல வாயெடுத்தேன். மற்றப் பக்கத்தில் ஆள் இல்லை.

அம்மாவுக்கு இரண்டு நேரமும் தெரியாது என்று நினைக்காதேயும். நல்லாய்த் தெரியும். லோஞ்ச் புதிய நேரத்துக்குத்தான் ஓடும், அவ முதல் லோஞ்சைப் பிடித்துத்தான் வந்தவ. உம்முடைய ரெலிபோன் அடித்த நேரம் அவ எங்கே நின்றவ தெரியுமா? பத்திரகாளி அம்மன் கோயிலில். இங்கிருந்து நடந்து போகிற தூரம்தான். நேரம் கிடக்கிறதே என்று உமக்கும் நீர் கட்டப்போகிற பிள்ளைக்கும் அர்ச்சனை செய்துகொண்டு நின்றிருக்கிறா. கையில் கட்டியிருந்தது நீர் போகும்போது கழற்றிக் கொடுத்த மணிக்கூடு.

கடைக்குள் சிரித்துக்கொண்டுதான் வந்தா. "அண்ணை, நான் கொஞ்சம் முந்தி வந்திட்டன் போல" என்றா. நான் சுவரைப் பார்த்தேன், பிறகு அவவின் கையைப் பார்த்தேன். உம்முடைய ரெலிபோன் மூன்று தரம் வந்துபோன கதையைச் சொன்னேன். ஏன் பழைய நேரத்தை வைத்து வந்தீர்கள், பிள்ளை புதிய நேரத்தை அல்லவா சொல்லியிருப்பான் என்று கடைசியில் கேட்டேன். அவ சொன்னது இதுதான்: "அவன் போகேக்க ஒரு நேரம்தானே அண்ணை இருந்தது. அவன் பத்து எண்டு எழுதினா, அவனுக்குத் தெரிஞ்ச பத்துதானே." இதிலே எங்கே பிழை சொல்ல முடியும்? நான் அன்றிலிருந்து யோசிக்கிறேன், எனக்குத் தெரியவில்லை.

கடைசி லோஞ்ச் நேரம் வரைக்கும் அந்த வாங்கில் இருந்தா. வாய்க்குள் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தா. தேவாரம் என்று நினைத்தேன். தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுக்கும்போதுதான் காதில் விழுந்தது. "கொஹோமத துவே." சிங்களம், தம்பி. எப்படி இருக்கிறாய் மகளே என்று அர்த்தம். மூதூரில் லோஞ்சுக்கு நிற்கும்போது சித்தி பரீதா என்ற முஸ்லிம் மனுசி வீட்டில் தங்குகிறவவாம். கந்தளாய்ப் பக்கம் யாவாரத்துக்குப் போய்ச் சிங்களம் பழகினவ அந்த மனுசி. அவவிடம் கேட்டுப் பாடமாக்கியிருக்கிறா. ஏன் இந்தப் பாடு, மகனோடு கதைத்தால் போதாதா என்று கேட்டேன். "அவனோட நான் எப்பவும் கதைக்கலாம். அந்தப் பிள்ளை பக்கத்தில நிக்கும். நான் ஒண்டும் சொல்லாம வைச்சா அது என்ன நினைக்கும்" என்றா.

உம்முடைய கடிதத்தையும் எனக்குக் காட்டினா. அதிலிருந்துதான் இந்த விலாசத்தை எடுத்தேன், ரெலிபோன் நம்பர் அதில் இல்லை. நிலந்தி என்ற சிங்களப் பிள்ளையைக் கலியாணம் செய்யப் போகிறீர். சம்மதம் என்றால் ரெலிபோனுக்கு வா, வராவிட்டால் சம்மதமில்லை என்று எடுத்துக்கொள்வேன், அதற்குப் பிறகு என்னுடைய கடிதமும் வராது, கரைச்சலும் இராது என்று எழுதியிருக்கிறீர். இது என்ன தம்பி, பெற்ற தாய்க்கு எழுதுகிற கடிதமோ, யுத்தநிறுத்த ஒப்பந்தமோ? கொழும்பிலும் வன்னியிலும் இருந்துகொண்டு இப்படித்தான் எழுதுகிறார்கள். அவர்கள் கெட்டது போதாதா?

மனதில் உள்ளதை மறைக்கிற பழக்கம் எனக்கு இல்லை. இந்தக் கலியாணம் எனக்கு விருப்பமா என்று கேட்டிருந்தால், இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன். துறைமுகத்தில் சிங்களவரோடு ஒரு கோப்பையில் சாப்பிட்டவன்தான். ஆனாலும் வீட்டுக்குள் என்று வரும்போது மனம் பின்னுக்கு நிற்கும். உம்முடைய தமையனை, தொண்ணூறாம் ஆண்டு ஆமி சுற்றிவளைத்து ஏற்றிக்கொண்டு போனது. இன்றுவரை அவர் வரவில்லை. நான் உம்முடைய அம்மாவின் இடத்தில் இருந்திருந்தால் அந்த லோஞ்சில் ஏறியிருக்க மாட்டேன். அவ ஏறினவ. அந்த மொழியில் ஒரு வசனத்தைப் பாடமாக்கிக்கொண்டு ஏறினவ. அறுபத்தெட்டு வயதில் எனக்கு இருந்த கன அபிப்பிராயங்களை அந்த மனுசி அன்றைக்கு அந்த வாங்கில் இருந்துகொண்டே மாற்றிப்போட்டா.

உடனே ஒரு கடிதம் எழுதுங்கோ, நான் எழுதித் தருகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். மறுத்துவிட்டா. "வரச்சொன்ன நேரம் வராதவள் பிறகு கடிதம் போட்டா ஆர் நம்புவினம்? ஊர்ச்சனம் சொல்லித்தந்து எழுதினது எண்டு நினைப்பான்" என்றா. அதனால்தான் நான் எழுதுகிறேன். நான் உமக்கு உறவில்லை, ஊரில்லை, எனக்கு இதில் ஒரு இலாபமும் இல்லை. ரெலிபோனில் வரவில்லை என்று சொன்னதும் நான், வந்ததைக் கண்ணால் கண்டதும் நான். இரண்டுக்கும் என்னைவிடச் சாட்சி உமக்குக் கிடைக்காது.

இன்றைக்கும் ஞாயிறு. ஒருவரும் வரச்சொல்லவில்லை, முதல் லோஞ்சில் வந்து நின்றா. எங்களுக்கு ஒரு முட்டி தயிரும் கொண்டுவந்தா. ஞாயிற்றில் மத்தியானத்தோடு கடையைப் பூட்டவேணும் என்று நிற்கிற அருளம்பலம், அந்தத் தயிரைச் சாப்பிட்ட பிறகு பூட்டுகிற கதையே எடுக்கவில்லை. ரெலிபோன் ஒவ்வொரு தரமும் அடிக்கும்போது உம்முடைய அம்மா எழும்பி நின்று சீலையை இழுத்துச் சரி செய்வா. வேறு ஆளுக்கு என்று தெரிந்ததும் இருந்துவிடுவா. அதைப் பார்த்துக்கொண்டு எனக்கு ரெலிபோனை எடுக்கவே பயமாயிருக்கிறது. இப்போதுதான் கடைசி லோஞ்சுக்கு அனுப்பிவிட்டு வந்து, சூட்டோடு சூடாய் இதை எழுதுகிறேன். அடுத்த ஞாயிறும் வருவாவாம். அதற்கடுத்த ஞாயிறும்.

எத்தனை மணிக்கு எடுக்கவேண்டும் என்று நான் எழுதப் போவதில்லை. பழைய நேரமும் வேண்டாம், புதிய நேரமும் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை இங்கே வெளிச்சம் இருக்கிற எந்த நேரமும் சரி. உமக்கு அங்கே நடுச்சாமமாய் இருக்கும், நித்திரை முறியும். முறியட்டும். ஒருநாள் நித்திரைதானே.

இந்தச் சமாதானம் ஆறு மாதம் தாங்காது என்று அருளம்பலம் சொல்கிறான். நான் சொல்கிறேன், பத்து வருசத்துக்கு ஒன்றும் நடக்காது, எழுதி வைத்துக்கொள்ளும் என்று. நான் சொல்லிப் பிழையாய்ப் போனது குறைவு. ஆனாலும் தம்பி, கெதியாய் எடும். லோஞ்ச் ஓடுகிற காலத்திலேயே எடும்.

உம்முடைய சுகத்தையும் நிலந்தியின் சுகத்தையும் கேட்டதாய் எடுத்துக்கொள்ளும். கோணேசர் உங்கள் இரண்டு பேரையும் ஒரு குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும். ரெலிபோன் எடுக்கிற அன்று அந்தப் பிள்ளையையும் பக்கத்தில் நிற்கச் சொல்லும். அம்மா முதலில் அவவோடுதான் கதைப்பா.

உம்முடைய குரலை நாலாம் தரமும் கேட்கக் காத்திருக்கும்,
ம. சிவகுருநாதன்