அங்கிள் பார்த்திருக்கப் போட்ட வாக்கு

என்னவருக்கு,

நீங்கள் ஒஷாவாவில் வேலை முடிந்து வரும்போது நான் வேலைக்குப் போயிருப்பேன். போனில் கதைத்தால் மேல்வீட்டுக்குக் கேட்கும். அதனால்தான் எழுதி வைக்கிறேன்.

மத்தியானம் வீட்டுக்கார அங்கிள் நாங்கள் வாடகைக்கு இருக்கும் பேஸ்மென்ற்றுக்கு இறங்கி வந்தார். ஆளுங்கட்சித் தலைவர் தேர்தலுக்கு எங்களை அங்கத்தவராகச் சேர்த்துவிட்டவர் அவர்தானே.

"பிள்ளை, என்ரை முன்னாலையே போனிலை வோட்டைப் போடும்," என்றார். அவர் ஒரு பெயரைச் சொன்னார். அகதிகளைக் கெதியாகத் திருப்பி அனுப்புவேன் என்று பேசித் திரிகிற அதே ஆள்.

"அங்கிள், அந்தாள் வந்தால் என்ரை தம்பியின்ரை அகதிக் கேஸ் என்னாகும்?"

"உது கட்சிக்குள்ளை நடக்கிற விசயம். உமக்கேன் பயம்?"

கட்சிக்குள் வெல்கிறவர்தான் பொதுத்தேர்தல் இல்லாமலே பிரதமராகப் போகிறார். கனேடியக் குடியுரிமை இன்னும் கிடைக்காத எனக்குப் பொதுத்தேர்தலில் வாக்கும் இல்லை. இருப்பது, குடியுரிமை கேட்காமல் கட்சி தந்த இந்த ஒன்றுதான். அவர் பார்த்துக்கொண்டிருக்கவே போட்டியிடுகிற மற்றவரின் பெயரை அழுத்தினேன்.

அவர் ஏசவில்லை. "உம்மடை மனுசன் வந்தவுடனை மேலை வரச்சொல்லும்," என்று மட்டும் சொல்லிப் படியேறினார். அந்த அமைதிதான் பயமாக இருக்கிறது. மேலே கதிரை இழுபடும் சத்தம் கேட்டாலும், அவர் இறங்கி வருகிறாரோ என்று படியைப் பார்க்கிறேன். தம்பிக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை.

வீடு போனால் போகட்டும் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. ஆனால் மேலே போனால், எனக்காக மன்னிப்பு மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

உங்களுடையவள்