அப்பா காட்டிய கால்

அன்புள்ள பாப்பாவுக்கு அம்மா எழுதுவது. நீ உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கும் எல்லோரும் சுகம் என்று எழுத வேண்டும், இந்தத் தடவை கை வரவில்லை. அண்ணன் வேலைக்குப் போய் வருகிறான், அண்ணிக்கு வாந்தி நின்றுவிட்டது, அப்பாவுக்கு இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். போனில் சொன்னால் நீ அழுவாய், நான் சொல்ல வந்தது நின்றுபோகும், அதனால்தான் எழுதுகிறேன்.

துணிக்கடையில் நின்று நின்றே நரம்பு புடைத்து, கணுக்காலுக்கு மேல் தோல் கறுத்து அரித்துக்கொண்டிருந்தது உனக்குத் தெரியும். நீ ஆராய்ச்சி செய்கிற கிருமிநாசினி மருந்தை அனுப்பி, அப்பாதான் என் முதல் நோயாளி என்றாய். மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. கடை முழுக்கச் சொல்லிவிட்டுத்தான் மூடியைத் திறந்தார். தடவிய மறுநாளே கொப்பளம், பிறகு தோல் உரிந்து நீர் வடிந்தது. நிறுத்துங்கள் என்றேன். "நீ சும்மா இரு, எம்பொண்ணு படிச்சுக் கண்டுபிடிச்சது, முதல்ல அப்படித்தான் இருக்கும்" என்று இன்னும் கொஞ்சம் சேர்த்துத் தடவினார். நீ போனில் காலைக் காட்டச் சொல்லும்போதெல்லாம் பேன்ட்டைச் சுருட்டி வலது காலைக் காட்டினார். "சூப்பர்ப்பா, ஆறிடுச்சு" என்று கைதட்டினாய். அப்போது போனில் பிடித்த படத்தைத்தான் டாக்டர்கள் கூட்டத்தில் திரையில் போட்டாய். அவர் காய்ச்சலில் நடுங்கிக்கொண்டே அதைப் போனில் பார்த்துச் சிரித்தார். ஊரார் காலையெல்லாம் பார்க்கிறவளுக்குப் பெற்றவர் கால் இடதா வலதா என்று தெரியவில்லை.

சர்க்கரை வேறு, புண் எலும்பு வரைக்கும் போய்விட்டது. "இந்த மருந்து இவர் தோலுக்கு ஒத்துக்கவே இல்லையேம்மா, கொப்பளம் வந்ததுமே நிறுத்தியிருக்கணும், யார் கொடுத்தாங்க?" என்று ஆபரேஷன் செய்த டாக்டர் கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் அப்பா, "நானாத்தான் கடையில வாங்கினேன்" என்றார். கடை முதலாளி பார்க்க வந்தார். உட்கார்ந்துகொண்டே பில் போடுகிறேன் என்று அப்பா கெஞ்சினார். அவர் ஆப்பிள் பையைக் கட்டிலில் வைத்துவிட்டு, ரெஸ்ட் எடுங்கள் என்று போய்விட்டார். அந்த இடத்துக்கு ஏற்கெனவே ஆள் போட்டாயிற்று.

"பாப்பாகிட்ட மூச்சு விடாதே, அவ ஆராய்ச்சி கெட்டுப்போயிடும்" என்று என்னிடம் சத்தியம் வாங்கினார். அதை மீறித்தான் எழுதுகிறேன். அவரோடு வேலை பார்த்தவர் தன் மனைவி காலுக்கு அந்த மருந்தைக் கேட்டு வீட்டு வாசலில் வந்து நிற்கிறார். அதே கூட்டத்துக்குப் போய், நான் காட்டியது அப்பாவின் நல்ல கால் என்று எழுந்து நின்று சொல். பெயர் கெட்டால் கெடட்டும். சொல்லாமல் இந்த வீட்டுப் படி ஏறாதே.

வேளைக்குச் சாப்பிடு, கண் விழித்துப் படிக்காதே. நீ நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன், பெற்றவள் வேறென்ன நினைப்பேன். ஒன்று மறந்துவிடாதே, வரும்போது வழக்கம்போல் அப்பாவுக்குச் செருப்பு வாங்கி வராதே.

இப்படிக்கு
உன் அம்மா