மழைக்கோட்டோடு குளித்தவள்

காரிமங்கலம்
17.11.1985

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை லூர்துமேரி எழுதிக்கொள்வது. இங்கு அப்பா, அம்மா, நான் மூவரும் நலம். பிலாயில் குளிர் தொடங்கியிருக்கும். அம்மா அனுப்பிய கம்பளிச் சட்டை வந்து சேர்ந்ததா என்று நீ எழுதவே இல்லை. அம்மா தினமும் கேட்கிறாள்.

நீ அப்பாவுக்கு எழுதிய கடிதம் புதன்கிழமை வந்தது. அதை அப்பாவுக்கு நான்தான் படித்துக் காட்டினேன். ஆண்களோடு சேர்ந்து அசிங்கமான படம் பார்த்தவள் என்று என்னைப் பற்றி எழுதியிருந்தாயே, அந்த வரியையும் என் வாயால்தான் படித்தேன். இனி அவள் நீங்கள் படம் ஓட்டும் கேபின் படியில் கால் வைத்தால் இந்த வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன் என்று முடித்திருந்தாய். அதையும் விடாமல் படித்தேன். அப்பா கடிதத்தை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பதில் எழுத வேண்டாம் என்று அம்மா சொன்னாள். அவளுக்குத் தெரியாமல்தான் எழுதுகிறேன். நேரில் என்றால் இதில் ஒரு வார்த்தைகூட என் வாயிலிருந்து வராது. அது உனக்கே தெரியும்.

உனக்கு எழுதியது முனிராஜ்தான் என்று எனக்குத் தெரியும். உன்னோடு படித்தவன், நம் வீட்டில் எத்தனையோ நாள் சாப்பிட்டவன். அன்றைக்கு அவன் எங்கே உட்கார்ந்திருந்தான் என்று உனக்கு எழுதினானா? மூன்றாவது பெஞ்சில், வழியோரம். கேபின் ஓட்டை வழியாகப் பார்த்தேன். அப்படிப்பட்ட படம் என்று நம்பி டிக்கெட் வாங்கியவன் அவன். பெயர் கெட்டது எனக்கு. இது என்ன நியாயம் அண்ணா?

நடந்ததைச் சொல்கிறேன். சந்தை நாளில் காலைக் காட்சிக்கு ஆங்கிலப் படம் போட்டால் கூட்டம் வருகிறது என்று கொட்டகை முதலாளி கிருஷ்ணப்பன் பெங்களூரிலிருந்து ஒரு பெட்டி கொண்டுவந்தார். மலிவாகக் கிடைத்ததாம். திறந்து பார்த்தால் கறுப்பு வெள்ளை, அந்தக் காலத்துச் சிரிப்புப் படம். அவருக்கு முகமே செத்துவிட்டது. பெட்டியில் நாலைந்து போட்டோக்கள் இருந்தன. ஒன்றில், ஒரு பெண் குளியல் தொட்டியில் கழுத்து வரை நுரைக்குள் இருக்கிறாள். அதை மட்டும் எடுத்துக்கொண்டு தருமபுரிக்குப் போய்ப் பெரிதாக அச்சடித்து, தமிழில் ஒரு பெயரும் வைத்து, வயது வந்தவர்களுக்கு மட்டும் என்று சிவப்பு எழுத்தில் போட்டுச் சந்தை முழுக்க ஒட்டிவிட்டார். அந்தப் பெயரை எழுத எனக்குக் கை வரவில்லை. அப்பா அவரிடம், அந்தப் பெண் நுரைக்கு உள்ளே மழைக்கோட்டும் பூட்சும் போட்டிருக்கிறாள் என்று சொன்னார்.

“உள்ள என்ன போட்டிருந்தா என்ன இன்னாசி? போஸ்டர்ல தெரியறது கழுத்து வரைக்குந்தானே” என்றார் முதலாளி.

அந்தப் பெண் யார் என்று உனக்குத் தெரியாது. முனிராஜுக்கும் தெரியாது. அவள் பெயர் ஹெட்டி கார்வர். கல்யாணத்துக்கு முன்பு அப்பா பெங்களூர் கண்டோன்மென்டில் ஒரு தியேட்டரில் உதவியாளராக இருந்தாரே, அங்கே ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் படம் ஓடுமாம். பெட்டியோடு வரும் சிறு புத்தகத்தில் அவள் கதை இருக்கும், மேனேஜர் படித்துச் சொல்வார் என்று அப்பா சொன்னார்.

அவளுடைய அம்மா ஊரார் துணியை வெளுத்துப் பிழைத்தவள். ஹெட்டிக்குப் பதினாறு வயதில் சினிமாக் கம்பெனியில் சட்டைக்குப் பொத்தான் தைக்கிற வேலை. ஒருநாள், குளிர்கிற குளத்தில் விழமாட்டேன் என்று நடிகை ஒருத்தி மறுத்துவிட்டாள். பொத்தான் தைக்கிற பெண்ணுக்கு அந்த உடுப்பைப் போட்டுத் தள்ளிவிட்டார்கள். இவள் கரையேறி, ஒரு செருப்பைக் கழற்றி, அதிலிருந்த தண்ணீரை மெதுவாகக் கொட்டி, மறுபடியும் மாட்டிக்கொண்டு, கேமராவுக்கு ஒரு வணக்கம் போட்டாளாம். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. கேமராக்காரர் சிரித்த சிரிப்பில் படமே ஆடிவிட்டதாம்.

அதற்குப் பிறகு நாற்பது படம். மாடிப்படியிலிருந்து, கூரையிலிருந்து, குதிரையிலிருந்து எல்லாம் விழுந்திருக்கிறாள். அவளுக்குப் பதிலாக வேறு ஆள் விழுந்ததே இல்லை. இடுப்பெலும்பு முறிந்து ஆறு மாதம் படுத்துவிட்டு, எழுந்து வந்து மறுபடியும் விழுந்தாள். ஒரே ஒரு படத்தில் அழுகிற வேடம் கொடுங்கள் என்று கேட்டதற்கு, நீ அழுவதைப் பார்க்க யார் வருவார்கள் என்று கம்பெனிக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். அவள் புருஷன் டைரக்டர். சிரிப்புக் காட்சியெல்லாம் அவள் சமையலறையில் வாளியும் துடைப்பமும் வைத்துக்கொண்டு பழகிப் பழகி உண்டாக்கியது. படத்தின் தொடக்கத்தில் மட்டும் அவன் பெயர் வரும். அவர்கள் பிரிந்த பிறகு அவன் எடுத்த படங்களில் ஒருவரும் சிரிக்கவில்லையாம். பேசும் படம் வந்தபோது, உன் குரல் காக்கை மாதிரி இருக்கிறது, இனி நீ வேண்டாம் என்றார்கள். அவள் அந்தக் குரலிலேயே பேசிச் சிரிக்க வைத்தாள். நம் கொட்டகைக்கு வந்தது அப்படிப்பட்ட ஒரு படம். நாற்பது வயதானதும் கம்பெனி கதவைச் சாத்திவிட்டது. கடைசியில் எங்கேயோ தையல் கடை வைத்தாளாம். இப்போது உயிரோடு இருக்கிறாளா என்று அப்பாவுக்குத் தெரியவில்லை.

இத்தனை பாடுபட்ட ஒருத்தியை நம் ஊரில் ஒரு கத்தரிக்கோலும் ஒரு வாளிப் பசையும் என்ன ஆக்கிவிட்டன பார்.

அன்றைக்குக் கொட்டகை நிறைந்துவிட்டது. படத்தில் அவள் ஒரு ஓட்டல் வேலைக்காரி. திருடாத நகைக்காகப் போலீஸ் துரத்துகிறது. மழையில் ஓடிவந்து, ஓட்டலில் யாருடைய குளியலறைக்குள்ளோ புகுந்து, நுரைத் தொட்டியில் இறங்கிக் தலையை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு அந்தக் காக்கைக் குரலில் பாட ஆரம்பிக்கிறாள். போலீஸ்காரர்கள் வெட்கப்பட்டுக் கண்ணை மூடிக்கொண்டு, தலை குனிந்து பின்பக்கமாகவே நடந்து போய்விடுகிறார்கள். கொட்டகையில் ஒரு இருமல் சத்தம் இல்லை. எல்லோரும் அவள் எழுந்திருக்கக் காத்திருந்தார்கள். அவளும் எழுந்தாள். மழைக்கோட்டு, பூட்சு. ஒரு கையில் குடை. கோட்டுக் கையிலிருந்து தண்ணீர் கொட்டக் கொட்ட, குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு ராணி மாதிரி வெளியே நடந்தாள்.

முதலில் சிரித்தது தரை டிக்கெட்டில் இருந்த கோவிந்தன். ஆடு விற்க வந்தவர், நம் பக்கத்து வீட்டுக் குள்ளம்மாள் அக்காவின் புருஷன். அவருக்குச் சிரிப்பு அடங்கவே இல்லை. அவரைப் பார்த்து இன்னும் பத்துப் பேர் சிரித்தார்கள். பெஞ்சுக்காரர்கள்தான் கத்தினார்கள். இந்த மாதிரிக் காட்சிகளில் நடுவே வேறு அசிங்கமான துண்டைச் சேர்த்து ஓட்டுவார்களாம், அதற்குப் பிட் என்று பெயராம். அப்பா ஒரு நாளும் அதைத் தொட்டதில்லை. முதலாளியோடு அதற்காகச் சண்டையே போட்டிருக்கிறார். பிட்டை ஆபரேட்டர் வெட்டி ஒளித்துவிட்டார் என்று சொல்லிக்கொண்டு, ரீல் மாற்றும் இடைவெளியில் ஆறேழு பேர் கேபினுக்குள்ளேயே ஏறி வந்துவிட்டார்கள். இரண்டாவதாக ஏறியவன் உன் சிநேகிதன்.

அப்பா கையை விரித்து, “இதுதாம்பா படம். இதுக்கு மேல ஒண்ணும் இல்ல” என்றார்.

அப்போது நான் அடுத்த ரீலைக் கையில் வைத்திருந்தேன். முனிராஜ் என்னை மேலும் கீழும் பார்த்தான். “அட, வூட்டுப் பொண்ணுதான் ஓட்டுதா? அப்ப பிட்டெல்லாம் அது பாத்து முடிச்சிருக்கும்” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் பொம்பளை விழுந்து விழுந்து சிரிக்க வைத்ததற்குச் சிரிக்காதவர்கள் இதற்குச் சிரித்தார்கள். ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதைத்தான் இப்போது இரண்டு தாளில் எழுதுகிறேன்.

அவர்கள் இறங்கிப் போனதும் ரீலை மாட்டினேன். மீதிப் படமும் ஓடி முடிந்தது. மறுநாளே ஊரெல்லாம் பேச்சு. கோவில் பூசைக்குப் போன அம்மாவிடம் இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். குள்ளம்மாள் அக்கா மட்டும், “எங்கூட்டுக்காரரு கொடையப் புடிச்சிக்கிட்டு நடந்து காட்றாரு ஆயா, எனக்கு வயிறே வலிச்சுப்போச்சு. அதுல என்ன அசிங்கம்?” என்று அம்மாவிடம் சொன்னாள். ஆனால் கோவிந்தன் சொன்னால் யார் கேட்கிறார்கள்? பேண்ட் போட்ட முனிராஜ் சொல்வதைத்தான் கேட்கிறார்கள். நீயும் அவனைத்தான் கேட்டாய். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

முதலாளி அதற்குப் பிறகு தொப்பூரிலிருந்து ஒரு ஆபரேட்டரை வரச்சொல்லிப் பேசிக்கொண்டிருக்கிறார். இன்னாசிக்கு வயதாகிவிட்டது என்கிறார். அப்பாவுக்கு ஐம்பத்திரண்டுதான் ஆகிறது. முப்பது வருடம் மெஷினில் எரிகிற அந்தக் கார்பன் குச்சி வெளிச்சத்தின் பக்கத்தில் நின்றவர். இப்போது குச்சி எரிகிற சத்தத்தை வைத்தே அதை நகர்த்துகிறார், பிலிமை விரலால் தடவியே மெஷின் பல்லில் மாட்டுகிறார். மாட்டியதும், “லூர்து, சரியா?” என்பார். நான் திரையைப் பார்த்து, சரிப்பா என்பேன். போன ஈஸ்டரிலிருந்து இப்படித்தான். இதற்கு மேல் எழுதக் கூடாது என்று அப்பாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். முன்பெல்லாம் தானே படித்தவருக்கு உன் கடிதத்தை ஏன் நான் படித்துக் காட்ட வேண்டி வந்தது என்று நீயே யோசித்துக்கொள்.

அண்ணா, என் பெயரைப் பற்றி நீ என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள். முனிராஜை நம்புவதென்றால் நம்பிக்கொள். கேபினுக்குப் போகாதே என்று மட்டும் மறுபடியும் எழுதிவிடாதே. எழுதினால் அப்பா உன் சொல்லுக்குக் கட்டுப்பட்டுவிடுவார், தனியாகப் படியேறிப் போய்விடுவார். அதை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. கிறிஸ்துமஸுக்கு வா. வந்து, ஒரு ரீல் ஓடுகிற நேரம் கேபினில் நில். திரையைப் பார்க்க வேண்டாம், அப்பா முகத்தைப் பார். அதன் பிறகு நீ என்ன சொன்னாலும் கேட்கிறேன்.

மாதா உன்னைக் காக்கட்டும். வேளைக்குச் சாப்பிடு.

உன் தங்கை,
இ. லூர்துமேரி