அத்தை சொல்லாத ஒன்பது நாள்

திருச்சுழி
18.10.1968

அன்பும் மரியாதையும் உள்ள அத்தானுக்கு முருகேஸ்வரி எழுதுவது.

உங்கள் அம்மா இப்போது எழுந்து உட்கார்ந்து கம்மங்கஞ்சி குடிக்கிறார்கள். பயப்பட ஒன்றுமில்லை என்பதை முதலில் எழுதிவிட்டேன். இனி நடந்ததைப் படியுங்கள்.

ஆவணிக் கடைசியில் அத்தைக்கு இருமல் வந்ததை எழுதியிருந்தேன். இங்கே ஒரு டாக்டர் தித்திப்பாக ஒரு மருந்து கொடுத்தார். இருமல் நின்றது, வயிறு வலித்தது. பாளையம்பட்டியில் வேறொருவரிடம் காட்டினோம். வலியை நிறுத்த மாத்திரை தந்தார். பிறகு அத்தை நெஞ்சு எரிகிறது என்றார்கள். மூன்றாவதாக ஒரு டாக்டரிடமிருந்து சுண்ணாம்புத் தண்ணீர் மாதிரி வெள்ளை மருந்து ஒன்று வந்தது. சாப்பாடு இறங்காமல் ஆள் வெளுத்துப் போனதைப் பார்த்து, ரத்தம் குறைவு என்று இன்னொருவர் இரும்புச்சத்து மாத்திரை எழுதினார். நாலையும் வேளை தவறாமல் கொடுத்தது நான்தான். மணி பார்த்துக் கொடுக்கிறேன் என்ற பெருமை வேறு.

போன வாரம் செவ்வாய்க்கிழமை அத்தையின் வயிறு பானை மாதிரி உப்பிவிட்டது. பச்சைத் தண்ணீர் குடித்தாலும் குமட்டியது. முதல் பஸ்ஸில் அருப்புக்கோட்டைக்குக் கூட்டிப் போனேன். அங்கே புதிதாக ஒரு டாக்டரம்மா வந்திருக்கிறார்கள். சௌந்தரம் என்று பெயர். என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும், அவ்வளவுதான்.

ஊசியை எடுப்பார்கள் என்று நினைத்தேன். நாற்காலியை அத்தை பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தாழ்ந்த குரலில், "வெளிக்குப் போயி எத்தன நாளாச்சும்மா?" என்று கேட்டார்கள். அத்தான், இந்தக் கேள்வியை நாலு டாக்டரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அத்தை சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, "ஒம்பது நாளு. ஆம்பள டாக்டருககிட்ட இத எப்படித் தாயி சொல்ல?" என்று அழுதுவிட்டார்கள். ஒரே வீட்டில் படுத்து எழுகிற எனக்கே தெரியவில்லை.

டாக்டரம்மா பையிலிருந்த மருந்தையெல்லாம் மேசைமேல் வைக்கச் சொன்னார்கள். ஒவ்வொன்றாகக் கையிலெடுத்து எனக்கு விளக்கினார்கள். அந்த இருமல் மருந்து குடலின் ஓட்டத்தை மந்தமாக்குமாம். அதனால் வந்த வலிக்குக் கொடுத்த மாத்திரை அதை இன்னும் மந்தமாக்குமாம். வெள்ளை மருந்தும் இரும்பு மாத்திரையும் மலத்தை இறுக்குமாம். "நாலும் நல்ல மருந்துதான். மலச்சிக்கல் இருக்கவுகளுக்கு யோசிச்சுக் குடுக்கணும். ஒருத்தர் எழுதுனது இன்னொருத்தருக்குத் தெரியாமப் போச்சு" என்றார்கள். யாரையும் ஒரு சொல் குறை சொல்லவில்லை. நாலையும் அன்றோடு நிறுத்தச் சொன்னார்கள். சாமியைக் கும்பிட்டுவிட்டு நான் ஊற்றிக் கொடுத்த மருந்துதான் அத்தையைப் படுக்க வைத்திருக்கிறது!

வயிற்றைத் தொட்டும் குழாய் வைத்துக் கேட்டும், குடல் அடைத்துப் போகவில்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகு எனிமா கொடுத்தார்கள். நர்ஸிடம் விடாமல் தாங்களே செய்தார்கள். நான் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டேன். அவர்கள் முகம் சுளிக்கவில்லை. சாயங்காலம் அத்தை, "பசிக்குது தாயி" என்றார்கள். மருந்தைக் கொடுத்துக் குணமாக்குவதைக் கண்டிருக்கிறேன். நிறுத்திக் குணமாக்குவதை அன்றுதான் கண்டேன்.

ரத்தத்துக்கு உள்ள மாத்திரையை உடம்பு தேறியதும் பார்த்துக் கொடுப்பார்களாம். இனி எந்த டாக்டரிடம் போனாலும், சாப்பிடுகிற மருந்தையெல்லாம் கையோடு கொண்டுபோய்க் காட்டச் சொல்லியிருக்கிறார்கள்.

மேலக்காட்டில் ஒரு உழவு மழை பெய்தது. சங்கையா மாமா ஏர் பூட்டிப் பருத்தி விதைத்துக் கொடுத்தார்.

"இந்தக் கூத்தெல்லாம் ராசகுருவுக்கு எழுதிறாத, அசிங்கம்" என்று அத்தை தடுத்தார்கள். இரண்டு நாள் யோசித்தேன். வாய் திறக்காமல் இருந்ததால்தானே இவ்வளவும் வந்தது என்று எழுதிவிட்டேன்.

மருந்து கொடுத்த கை என் கை. என்மேல் கோபம் வந்தால் அதைக் கடிதத்தில் எழுதி அனுப்ப வேண்டாம். வருகிற பொங்கலோடு நீங்கள் பம்பாய்க்குப் போய் மூன்று வருஷம் ஆகிறது. நேரில் வந்து திட்டுங்கள். எவ்வளவு நேரமானாலும் கேட்டுக்கொண்டு நிற்கிறேன்.

தங்கள் வரவைப் பார்த்திருக்கும்
முருகேஸ்வரி