பற்றரிக் கரி

என் சட்டைப் பையில் கறுப்புக் கறை. மனைவி சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக் களைத்துவிட்டு, "உதென்ன, பைக்குள்ளை அடுப்புக்கரியோ கொண்டு திரியிறியள்?" என்று கேட்டாள். ஒரு கிழமையாக எவருடனும் கதைக்கப் பிடிக்கவில்லை. உன்னோடு மட்டும்தான் இதைக் கதைக்கலாம். நீ உயிரோடு இல்லாதபடியால் எழுதுகிறேன்.

உன் மகன் வெளிநாட்டிலிருந்து வந்தான். நீயும் உன் மனைவியும் போனபின் பூட்டிக் கிடந்த வட்டுக்கோட்டை வீட்டைத் திறந்தான். நாம் இருவரும் வாடகைக்கு ஆள் ஏற்றி ஹயர் ஓடிய பழைய காரில் சாய்ந்து நின்று படம் எடுத்து, 'அப்பாவின் உயிர்' என்று முகநூலில் போட்டான். எஞ்சின் மேலுள்ள பொனற்றை மட்டும் அவன் திறக்கவில்லை. நான் திறந்தேன். கராஜ்காரர் துடைக்காமல் விட்டுப்போன எலிப் புழுக்கை, மூத்திர நாற்றம், அழுகிய எலிக்குஞ்சு ஒன்று. அதை வழித்து எறிந்துகொண்டிருந்தபோதுதான் அவன் வாயைத் திறந்தான்.

"மாமா, ஒரு ஹோட்டல்காரர் காரைக் கேக்கினம். பாதியா வெட்டி, ஜூஸ் விக்கிற மேசையாக்கப் போகினமாம். நல்லா ஓடினா நானே வச்சிருப்பன். உது மிஸ் அடிக்குது. கராஜ்காரரும் கைவிட்டிட்டினம்."

வெட்டுவார்களாம், நம் காரை! எங்கே நோவு என்று பாராமல் கராஜ்காரர் பிளக்கையும் வயரையும் கொயிலையும் மாற்றித் தள்ளியிருந்தார்கள். எஞ்சின் அப்படியும் இடையிடையே ஓர் அடியை விழுங்கிக் குலுங்கியது.

"முதல் காதைக் குடு, பிறகு ஸ்பானரை எடு" என்பாய். காதைக் கொடுத்தேன். எஞ்சினை ஓடவிட்டு, பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினேன். ஒரு சிலிண்டர் செத்திருந்தால் அதன் வயரைக் கழற்றும்போது சத்தம் மாறாது. இங்கே எல்லாவற்றிலும் மாறியது. அப்படியென்றால் பழுது, தீப்பொறி ஒவ்வொரு சிலிண்டருக்கும் பிரிந்து போவதற்கு முந்திய இடத்தில். பொறியைப் பிரித்துவிடும் டிஸ்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றிக் கவிழ்த்தேன். நடுவில் மின்சாரத்தைக் கடத்தும் கரிக்குச்சி தேய்ந்து உள்ளே போயிருந்தது. கடையில் வாங்கியது அல்ல. நீ வைத்தது.

போர் நாளில் பொருட்களுக்குத் தடை போட்டிருந்த காலம் அது. கார் மண்ணெண்ணெயில் இருமிக்கொண்டு ஓடும். ரேடியோவுக்குப் போடும் பற்றரியைக் கண்ணால் காண்பதே அரிது. பின்சீற்றில் உன் மனைவி பிள்ளைவலியில் துடிக்க, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் மானிப்பாய்க்குக் கிட்ட எஞ்சின் மிஸ் அடித்து நின்றது. மூடியைத் திறந்து பார்த்தால் கரி உடைந்து போயிருந்தது. நீ உன் ரேடியோவிலிருந்து பற்றரியை உருவிக் கல்லால் உடைத்தாய். "இனிச் செய்தி கேக்கேலாதடா" என்றேன். "செய்தி நாளைக்கும் கேக்கலாம் மச்சான். பிள்ளை இண்டைக்கெல்லோ வருது" என்று, உள்ளிருந்த கரிக்குச்சியை றோட்டில் தேய்த்து அளவாக்கிச் செருகினாய். அன்று பிறந்தவன்தான் இவன்.

நானும் ஒரு பற்றரியை உடைத்து, கரியைத் தேய்த்து வைத்தேன். எஞ்சின் ஓர் அடியும் பிசகாமல் ஓடியது. அவன் ஓடிவந்து கட்டிப்பிடித்தான். கார் தப்பிவிட்டது என்று என் கண் கலங்கியது. விசரன் நான்.

"சூப்பர் மாமா! இனி லொறி தேவையில்லை. ஹோட்டலுக்கு நீங்களே ஓடிக்கொண்டு வாங்கோவன்."

"ஓடினா வச்சிருப்பன் எண்டு சொன்னனியெல்லோ?"

"ஹோட்டல்காரருக்கு ஓமெண்டு சொல்லிப்போட்டன் மாமா."

தேய்ந்த கரித்துண்டை உள்ளங்கையில் வைத்து, அவன் பிறந்த கதையைச் சொன்னேன். இதற்காவது இளகுவான் என்று நினைத்தேன். அவன் முகம் மலர்ந்தது.

"என்ன நல்ல கதை மாமா! உதைப் பலகையிலை எழுதி மேசைக்குப் பக்கத்திலை வைக்கச் சொல்லுறன். அந்தக் கரியையும் தாங்கோ, கண்ணாடிப் பெட்டிக்குள்ளை வைக்கலாம்."

சீ! உன் பிள்ளை என்பதால் காறித் துப்பாமல் விட்டேன். எஞ்சினை நிறுத்தி, மூடியைக் கழற்றி, புதுக் கரியையும் பிடுங்கி, பழையதோடு பைக்குள் போட்டேன்.

"லொறியே பிடி தம்பி" என்றேன்.

பிடித்தான். அது காரைக் கட்டி ஏற்றிக்கொண்டு போனபோது நான் வாசல் படலையில் நின்றேன். அவன் அதையும் படம் எடுத்தான்.

கறை போகவில்லை என்று மனைவி சட்டையைக் கொடியில் போட்டிருக்கிறாள். காய்ந்ததும் அதைத்தான் போடுவேன். கரியையும் அதே பைக்குள்தான் வைப்பேன்.