ஆண்டு மலருக்குக் கேட்ட கட்டுரை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நலம். போட்டிக்குப் போன இடத்தில் நீங்களும் நலமாகத்தான் இருப்பீர்கள். ஒரே மல்யுத்தக் கூடத்தில் வாடா போடா என்று கட்டிப் புரண்டவர்கள் நாம். என் தங்கையைக் கட்டிய அன்று நீங்கள் மரியாதைக்குரியவராகிவிட்டீர்கள்.

உங்கள் பயிற்சிக்கூடத்து மலருக்கு, எதிராளியின் கைகால் மூட்டை மடக்கிப் பிடிக்கும் மூட்டுப் பூட்டுகள் பற்றிக் கட்டுரை கேட்டீர்கள். "படித்த மனுஷன் நீங்கள்தான்" என்று போனில் சிரித்தீர்கள். என் வலது முழங்கை இன்றும் முழுதாக நீளாது; பேனா பிடித்தால் வலிக்கும். அன்று உங்கள் பூட்டில் சிக்கித் தரையில் இரண்டு முறை தட்டினேன். தட்டினால் விட வேண்டும் என்பது கூடத்தின் முதல் பாடம். காதில் விழவில்லை என்றீர்கள். ஆகவே இது இடது கை எழுத்து; கோணலைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பூட்டுகளைக் கண்டுபிடித்தவர் யாரென்று உறுதியாகச் சொல்ல ஆளில்லை. கத்தி பிடித்த கையை முதலில் மடக்கியவன் எவனோ, அவனே ஆசான். கவசத்தின் மேல் குத்தினால் குத்தியவன் கைதான் வலிக்கும். கவசத்துக்குள்ளும் முழங்கை முழங்கைதான். பிறகு காவலர்கள் கற்றார்கள், ஆளைக் காயம் தெரியாமல் கொண்டுபோக. இந்தப் பயனை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

மல்லுக்கட்டில் பூட்டு தனியாக விழாது. நகர இடமிருந்தால் எதிராளி திரும்பித் தப்பிவிடுவான். முதலில் இடத்தை அடைக்க வேண்டும். அதன்பின் அழுத்தவே வேண்டாம், தொட்டால் போதும். தங்கையை வேலையை விடச் சொன்னீர்கள். யாரையும் தெரியாத இந்த ஊருக்குக் கூட்டி வந்தீர்கள். பிறகு அவள் போன் பழுதானது, பழுதாகவே இருக்கிறது.

இதை உங்கள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். காலையில் வந்தேன். தங்கை இடது கையை விலாவோடு ஒட்டி வைத்துக்கொண்டு கதவைத் திறந்தாள். குளியலறையில் வழுக்கியதாம். உள்ளே கூட்டிப்போக அவள் வலது மணிக்கட்டைத் தொட்டேன், அவ்வளவுதான். முகம் மாறவில்லை, பேச்சு நிற்கவில்லை. ஒட்டியிருந்த இடது கை மட்டும் இறங்கி, சுவரில் இரண்டு முறை தட்டியது.

"எதுக்கும்மா தட்டுற?"

"நானா? நான் எங்கண்ணா தட்டுனேன்?"

அவள் ஒருநாளும் கூடத்துக்குள் கால் வைத்தவளில்லை, மாப்பிள்ளை.

உடனே விட்டுவிட்டேன். அப்புறம்தான் பார்த்தேன், அந்த இடத்தில் சுவர்ச்சாயம் உள்ளங்கை அகலத்துக்குத் தேய்ந்திருந்தது. அடுப்படியில் ஒன்று. கட்டில் பக்கத்துச் சுவரிலும்.

வாசலில் வண்டி நிற்கிறது. அவள் பெட்டியோடு அதில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். பின்னால் வர வேண்டாம். வீடு இனி அமைதியாக இருக்கும். எந்தச் சுவரிலாவது தட்டும் சத்தம் வந்தால், அன்று கூடத்தில் என்னிடம் சொன்னதை மட்டும் சொல்லாதீர்கள். நல்ல காதோடு நீங்கள் நெடுங்காலம் வாழ வேண்டும் என்பதே என் ஆசி.

இப்படிக்கு,
அவளுடைய அண்ணன்